விரிப்பின் மறுமுனை

கட்டில் விரிப்பை ஒரே ஆளாக மடிக்க முடியாது. மடித்தால் அது மடிப்பு இல்லை, சுருட்டல். ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விலகி நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் உதற வேண்டும். பிறகு நாலு எட்டு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர் குனிந்து, தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். தென்கொரியாவின் யோசு துறைமுகத்துத் தங்கும் விடுதிகளில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள், இந்தச் சலவைக்கூடத்துக்கு ஒரு நாளைக்கு நானூறு வரும்.

மல்சுன்னும் தல்சூவும் பதினோரு வருஷமாக ஒரே விரிப்பின் ரெண்டு பக்கம். மல்சுன்னுக்கு அறுபத்தொன்று, தல்சூவுக்கு நாற்பத்து மூன்று. சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களில் பாதிப்பேருக்கு அறிவுசார் குறைபாடு என்று அலுவலகக் காகிதத்தில் எழுதியிருக்கும். கூடத்துக்குள்ளே வந்துவிட்டால் யார் எந்த மெஷினில் நிற்கிறார்கள் என்பதுதான் பேச்சு. தல்சூவுக்கு எழுத்து தெரியாது. நூற்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆனால் அவன் விரிப்பை உதறினால் கூடமே திரும்பிப் பார்க்கும். பட்டென்று ஒரு சத்தம், யாரோ பெரிய கையால் ஒரே ஒரு தடவை கைதட்டியது மாதிரி. அந்த உதறலில் நாலு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராகிவிடும்.

விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கிறவளுக்கு எதிர்ப்பக்கத்து ஆள் எப்படி இருக்கிறான் என்று முகம் பார்க்காமலே தெரியும். பேஸ்பாலில் அவன் கட்சி தோற்ற மறுநாள் துணி தளர்ந்து வரும். சம்பள நாளில் இழுத்து வைத்த நாண் மாதிரி விறைப்பாக வரும். சளி பிடித்திருந்தால் உதறல் அரை விநாடி பிந்தும். பதினோரு வருஷத்தில் இதெல்லாம் மல்சுன்னின் உள்ளங்கைக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் அறுவடைத் திருநாளான சூசொக் பண்டிகை முடிந்து வந்தபிறகு சத்தம் போய்விட்டது.

உதறுகிறான், ஆனால் பட்டென்று வரவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை மரக்கட்டை மாதிரி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது. துணியில் சின்னதாக ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கிறது. சரக்கு வண்டி வாசலில் நின்று இஞ்சினை அணைக்காமல் விட்டால் தரையில் ஒரு நடுக்கம் ஓடுமே, அந்த மாதிரி. கொடுக்க வேண்டிய நேரத்துக்குக் கொடுக்காமல், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி வைக்கிறான்.

"மூத்திரம் வருதாடா? போயிட்டு வா" என்றாள் மல்சுன்.

"இல்லக்கா."

"உடம்பு ஏதும் சரியில்லையா?"

தல்சூ விரிப்பைப் பிடித்தபடியே இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். "நல்லா இருக்கேன்! நன்றி!"

அது அவன் சின்ன வயசிலேயே படித்த பாடம். பெரியவர்கள் கேட்டால் நிமிர்ந்து நின்று, சிரித்து, நல்லா இருக்கேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், யாரும் மேற்கொண்டு தொந்தரவு பண்ண மாட்டார்கள். கதவில் கை நசுங்கி நகம் கறுத்த அன்றைக்கும் அவன் அதையேதான் சொன்னான்.

சில நாள் கழித்து விரிப்பின் ஓரத்தில் ஈரம். எச்சில். வாய் மூடாமல் நிற்கிறான், உதட்டோரம் வழிகிறது, அவனுக்கே தெரியவில்லை. எச்சில் பட்ட விரிப்பு மறுசலவைக்குப் போக வேண்டும்.

இஸ்திரி உருளையில் நின்றிருந்த யோங்ஜா பார்த்துவிட்டாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னக்கா, உன் தம்பி இப்படி ஜொள்ளு விடுறான்? எதிர்ல நிக்கிறது கிழவின்னு யாராச்சும் சொல்லுங்கடி அவன்கிட்ட."

"உன்னைப் பாத்து விட்டிருப்பான்டி."

"என்னைப் பாத்திருந்தா மூணு பெட்ஷீட்டும் பத்தாதே!"

எல்லாரும் சிரித்தார்கள். தல்சூவும் சிரித்தான். சிரிப்பு வாயில் இருந்தது, கன்னத்துக்கு ஏறவில்லை. மல்சுன் தன் கழுத்துத் துண்டை எடுத்து அவன் வாயைத் துடைத்துவிட்டு, அவர்களுடைய மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். மறுசலவைக்குப் போகிற ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு வட்டம். வாரக் கடைசியில் மேனேஜர் வந்து பார்ப்பார்.

சாயங்காலம் நோட்டு எழுத வேண்டும்.

நீல அட்டை போட்ட நோட்டு. தல்சூ மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. காலையில் வீட்டிலிருந்து பையில் வரும், சாயங்காலம் பையில் போகும். வீட்டில் எப்படி என்று வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம் எழுதுவார்கள், வேலையில் எப்படி என்று ஜோடி வேலைக்காரர் மறுபக்கம் எழுதுவார். தல்சூவுக்கு வீடு என்றால் நாலு பேர் வீடு. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், அவனைப் போல நாலு ஆண்கள் சேர்ந்து இருக்கிற வீடு. மேங் டீச்சர் என்று ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள்.

ரொம்ப நாளைக்கு முன்னால் ஒருத்தி ஒரு பையனுடைய நோட்டில், இன்றைக்கு வேலையில் கவனம் இல்லை என்று எழுதிவிட்டாள். மறுநாள் காலையில் அவன் அம்மா ஒரு பெட்டி சீமைப் பனிச்சைப் பழத்தோடு வந்து, ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டாள். யாருக்கும் அந்தப் பழம் தொண்டையில் இறங்கவில்லை. அதற்குப்பிறகு சலவைக்கூடத்தில் யாரும் நோட்டில் குறை எழுதுவதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் யாரும் மீறினதும் கிடையாது.

மல்சுன் எழுத்துப் படித்ததே ஐம்பத்தொன்பது வயதில், சமூகக் கூடத்து வகுப்பில். அவள் தானாக எழுதிய முதல் முழு வாக்கியம் இந்த நோட்டில்தான். "தல்சூ இன்றும் நன்றாக வேலை செய்தார்." அதை ரெண்டு வருஷமாக நாள் தவறாமல் எழுதிவருகிறாள். எழுத்து இப்போது உருண்டு திரண்டு அழகாக இருக்கிறது. அன்றைக்கும் அதையே எழுதினாள். எழுதும்போது கை ஒரு தடவை நின்றது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. எழுதி முடித்துப் பையில் போட்டாள்.

நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை மேங் டீச்சர் கூடத்துக்கே வந்தாள். முப்பத்து நாலு வயசுதான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கையில் நீல நோட்டு.

"பெரியம்மா, ரெண்டு நிமிஷம்."

"வாங்க டீச்சர். காபி கலக்கட்டுமா?"

"வேணாம். தல்சூ இங்க எப்படி இருக்கார், உள்ளதைச் சொல்லுங்க."

"நல்லாத்தான்..." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அதுதான் எனக்குப் புரியல." மேங் டீச்சர் துணிக்கூடை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "சாப்பாட்டு மேசைல உக்கார மாட்டேங்கிறார். உக்காந்தா எந்திரிக்கிறார், எந்திரிச்சா உக்கார்றார். நேத்து மேசைய எத்திவிட்டுட்டார், கொதிக்கிற சூப் பக்கத்துல இருந்தவர் கைல கொட்டிருச்சு. தொடையில தானே குத்திக்கிறார். மத்த மூணு பேரும் பயந்துபோய் அவரோட சாப்பிட மாட்டோம்கிறாங்க."

"முன்னாடி இப்படி இல்லையே."

"முன்னாடி கத்துனார். ஜூலைல இவரோட அறைல இருந்த சுன்பே தனியா ரூம் எடுத்துப் போனாருல்ல, எட்டு வருஷம் ஒரே அறை. அவர் போயி வேற ஆள் வந்ததும் பொழுது சாஞ்சா வாசல்ல நின்னுகிட்டு ஒரே சத்தம். அக்கம்பக்கத்துல புகார். செப்டம்பர்ல டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை குடுத்தார், கத்துறது நின்னுருச்சு. அப்பாடான்னு இருந்தேன். அப்புறம் பாத்தா இது. மாத்திரைய ரெண்டு தடவை கூட்டியாச்சு. கூட்டக் கூட்ட ஜாஸ்திதான் ஆகுது."

மேங் டீச்சர் நோட்டைத் திறந்து மடியில் வைத்தாள்.

"டாக்டர் இதையும் வாங்கிப் பாத்தார் பெரியம்மா. 'வேலை செய்யிற எடத்துல ஒரு குறையும் இல்ல, வீட்ல மட்டும்தான் பிரச்சினைன்னா உடம்பு காரணமில்ல, கோபம், ஆள் போன ஏக்கம்'னு சொல்லித்தான் கூட்டினார். புதன்கிழமை மறுபடி போகணும். அதுக்கப்புறமும் அடங்கலேன்னா மலைக்கு அந்தப் பக்கம், இவங்களை மாதிரி ஆளுங்களை மொத்தமா வச்சிருக்கிற பெரிய விடுதிக்கு அனுப்பணும்னு எங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. படிவம் கைல இருக்கு."

அந்த விடுதியை மல்சுன்னுக்குத் தெரியும். வாரம் ஒரு வண்டி அங்கிருந்தும் துணி வரும். ஒவ்வொரு விரிப்பிலும் மார்க்கர் பேனாவால் ஒரு எண். பெயர் கிடையாது.

மடியில் கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். தன் எழுத்துதான். தல்சூ இன்றும் நன்றாக வேலை செய்தார். தல்சூ இன்றும் நன்றாக வேலை செய்தார். மேலிருந்து கீழே வரை, ஒரு வரியும் வளையாமல்.

அன்றைக்கு மதியம் அவள் பெண்கள் உட்கார்கிற மூலைக்குப் போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தல்சூவைத் தேடினாள். முள்ளங்கித் தழை சூப், கடுகுக்கீரை கிம்ச்சி ஊறுகாய், பொரித்த பொடிமீன். அவன் எங்கும் உட்காரவில்லை. தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றபடி கிண்ணத்தை வாயில் சாய்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு மாதமாக அப்படித்தான் சாப்பிடுகிறான். வேலைப் பைத்தியம், சாப்பிடக்கூட உட்கார மாட்டான் என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். மல்சுன்னும்தான் மெச்சினாள்.

"வாடா, என் எதிர்ல உக்காரு."

வந்து உட்கார்ந்தான். மல்சுன் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். வலது பாதம் தரையைத் தட்டியது. பிறகு இடது. முழங்கால் ரெண்டும் மேலும் கீழும் போயின. தொடையை உள்ளங்கையால் தேய்த்தான். அவள் ரெண்டு வாய் சாப்பிடுவதற்குள் எழுந்துவிட்டான். எழுந்து, சுவர் வரை போய், திரும்பி வந்து, உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். முகத்தில் கோபம் இல்லை. வெந்நீர்த் தொட்டியில் தெரியாமல் காலை விட்டவன் முகம் மாதிரி இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விரிப்பு மடிக்கிறது நடக்கிற வேலை. முன்னால் நாலு எட்டு, பின்னால் நாலு எட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை. இங்கே யாரும் அவனை உட்காரச் சொல்வதில்லை. அதனால்தான் இங்கே ஒன்றும் தெரியவில்லை.

நல்லா இருக்கியா என்று கேட்கவே கூடாது என்று முடிவு பண்ணினாள். அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது.

"தல்சூ, கால் ஏன்டா ஓடிக்கிட்டே இருக்கு?"

அவன் யோசித்தான். பிறகு கரண்டியால் கூடத்தின் கடைசியில் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த துணி காயவைக்கும் மெஷின்களைக் காட்டினான்.

"அது உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

தொடையைத் தட்டினான். "இதுக்குள்ள. சுத்துது. நிறுத்துற பட்டன் இல்லக்கா."

மல்சுன் கரண்டியைக் கீழே வைத்தாள். "உக்காந்தா?"

"உக்காந்தா சத்தமா சுத்தும். நடந்தா கொஞ்சம் மெதுவா சுத்தும். டீச்சர் உக்காரு உக்காருன்னாங்க. உக்காந்தேன். எத்திட்டேன்." கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "சூப்பு கொட்டிருச்சு. நான் கெட்டவன்."

"நீ கெட்டவன் இல்ல. சாப்பிடு. நின்னுகிட்டே சாப்பிடு."

சாப்பாடு முடிந்ததும் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடிப்பு மேசையில் வைத்துப் புரட்டினாள். ஆகஸ்டில் ஒரு நாளைக்கு ஒரு வட்டம், சில நாள் அதுவும் இல்லை. செப்டம்பர் கடைசியில் ரெண்டு, மூணு. அக்டோபர் பத்துக்குப்பிறகு நாலு, அஞ்சு. நவம்பரில் வட்டத்துக்கு இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நோட்டில் அவள் எழுதாமல் விட்டதெல்லாம் இங்கே சிவப்பாக இருந்தது.

மேனேஜர் பாங்கிடம் போனாள். "புதன்கிழமை அரைநாள் லீவு வேணும். தல்சூவோட டாக்டர்கிட்ட போறேன்."

"நீங்க எதுக்குக்கா? டீச்சர்தான் கூட்டிட்டுப் போறாங்களே. அன்னைக்கு எண்பது ரூம் சரக்கு வருது. நீங்க ரெண்டு பேரும் இல்லாட்டி யாரு மடிக்கிறது, நானா?"

"மடியேன். கை ரெண்டு இருக்குல்ல."

உருளையிலிருந்து யோங்ஜா குரல் கொடுத்தாள். "மேனேஜர் மடிச்சா காகிதக் கப்பல்தான் வரும். போயிட்டு வாக்கா. மறுமுனைய நான் பிடிக்கிறேன்." பிறகு குரலைத் தணித்து, "எச்சிலுக்குத்தானா? ஏதோ வெளையாட்டுக்குச் சொல்லிட்டேன்க்கா" என்றாள்.

"நீ மட்டுமா சொன்ன?" என்றாள் மல்சுன்.

கிளினிக்கில் கூட்டம். ஒவ்வொருவரும் உள்ளே போய் மூச்சு விடுவதற்குள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காத்திருந்த முக்கால் மணி நேரமும் தல்சூ தாழ்வாரத்தில் நடந்தான். மேங் டீச்சர் ஒரு தடவை "உக்காருங்களேன்" என்றாள். மல்சுன் அவள் கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். தன் மகள் வயசுப் பெண். மூணு நாளாகத் தூங்காத முகம். இவளையும் சொல்லிக் குற்றமில்லை.

டாக்டருக்கு ஐம்பது இருக்கும். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"தல்சூ, எப்படி இருக்கீங்க?"

தல்சூ நிமிர்ந்து நின்றான். குனிந்தான். "நல்லா இருக்கேன்! நன்றி!"

"உடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"நல்லா இருக்கேன்!"

டாக்டர் தட்டச்சினார். மேங் டீச்சர் மேசையை எத்தியதைச் சொன்னாள். சூப் கொட்டியதைச் சொன்னாள். டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்போ இந்த அளவும் போதல. கொஞ்சம் கூட்டிப் பாக்கலாம். அதுக்கும் அடங்கலேன்னா வேற..."

"டாக்டரய்யா" என்றாள் மல்சுன். வகுப்பில் முதல்நாள் பலகைக்கு முன்னால் நின்ற மாதிரி எழுந்து நின்றாள். "நான் இவன்கூட பெட்ஷீட் மடிக்கிறவ. நோட்டுல எழுதுறது நான்தான். அது பொய்."

டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"பொய்யின்னா, பொய் சொல்லணும்னு எழுதல. எங்க எடத்துல அப்படித்தான் எழுதுவோம். இவன் நல்லா இல்ல. ரெண்டு மாசமா கை விறைச்சுப்போய்க் கெடக்கு. எச்சில் வடியுது. துணியப் பிடிச்சா துணி நடுங்குது. காலுக்குள்ள மெஷின் சுத்துதாம், நிறுத்த முடியலையாம். இதே தல்சூ பேஸ்பால் போட்டா மூணு மணி நேரம் அசையாம உக்காந்து பாப்பான். உக்காரத் தெரியாதவன் இல்ல. கோபத்துல எந்திரிக்கல. உக்கார முடியாம எந்திரிக்கிறான்."

"அம்மா, இந்த மாதிரி ஆளுங்களுக்குப் பழக்கம் மாறும்போது..."

"இந்த மாதிரி ஆளுங்களுக்கும் கை கால்தான்யா."

மேங் டீச்சர் தரையைப் பார்த்தாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே காத்திருக்கிறவர்களை நினைத்துக் கதவை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

அறையின் மூலையில் நோயாளிகள் படுக்கிற கட்டில். அதில் வெள்ளை விரிப்பு. மல்சுன் ரெண்டு எட்டில் போய் அதை உருவினாள். "யாரு இஸ்திரி போட்டது இது, சுருக்கம் சுருக்கமா?" என்று பழக்க தோஷத்தில் முணுமுணுத்தபடி ரெண்டு முனையைத் தல்சூ கையில் கொடுத்தாள். மற்ற ரெண்டு முனையை டாக்டரிடம் நீட்டினாள்.

"ஒரு தடவை பிடிச்சுப் பாருங்கய்யா. நான் சொன்னா உங்களுக்குப் புரியாது. கைக்குப் புரியும்."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்த முனைகளையே பார்த்தார். பிறகு எழுந்தார். எழுந்து வாங்கிக்கொண்டார்.

"தல்சூ, உதறு" என்றாள் மல்சுன்.

தல்சூ உதறினான். தோளும் முழங்கையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சத்தம் வரவில்லை. துணி நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்விலே சின்ன நடுக்கம் ஓடி டாக்டர் விரலுக்குப் போய்ச் சேர்ந்தது. அது சேர்வதை மல்சுன் பார்த்தாள். அவர் முகம் மாறியது. துணியை விடாமல் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தல்சூ கால் மாற்றிக் கால் மாற்றி வைத்தான்.

டாக்டர் விரிப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து தல்சூவின் மணிக்கட்டைப் பிடித்தார். முழங்கையை மெதுவாக மடக்கி நீட்டினார். பல்சக்கரம் மாதிரி விட்டு விட்டு வந்தது கை. தாழ்வாரத்தில் நடந்து காட்டச் சொன்னார். காத்திருந்த ஜனமெல்லாம் பார்க்க, தல்சூ போய்த் திரும்பினான். ரெண்டு கையும் வீசாமல் இடுப்போடு ஒட்டித் தொங்கின.

"இது எப்பலேருந்துன்னு தெரியுமா அம்மா?"

மல்சுன் பையிலிருந்து காலண்டரை எடுத்தாள். டாக்டர் அதைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்து, செப்டம்பரில் ஒரு தேதியில் விரல் வைத்தார், திரையைப் பார்த்தார். அக்டோபரில் வைத்தார், பார்த்தார். அதற்குப்பிறகு விரலை எடுக்கவே இல்லை.

"மாத்திரை தொடங்கின பத்தாம் நாள்" என்றார். "கூட்டின அடுத்த வாரம். மறுபடி கூட்டின அடுத்த வாரம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபம்னு நெனச்சேன். இது மாத்திரையோட வேலை. இந்த மருந்து சில பேருக்கு உடம்ப விறைக்க வச்சிரும், கால உள்ளேருந்து பிடிச்சு ஆட்டும். சொல்லத் தெரிஞ்சவங்க வந்து சொல்லிருவாங்க. இவர் சொல்லல. நானும் அதையேதான் நோயின்னு நெனச்சு மேல மேல குடுத்திருக்கேன்."

மேங் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கே நிறுத்திரட்டுமா சார்?"

"கூடாது. நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. ஒரேயடியா நிறுத்துனா அது வேற கஷ்டம். படிப்படியா எறக்கணும். நான் எழுதித் தரேன். வாரம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, கால் மணி நேரம் ஒதுக்கி வைக்கிறேன். எறக்கும்போது பழையபடி கத்தலாம். அந்தக் கத்தல் எதுக்கு வந்துச்சுன்னு சொன்னீங்க?"

"சுன்பே போயிட்டார்னு."

"அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல" என்றார் டாக்டர்.

தல்சூ கட்டில் பக்கம் போய், கலைந்து கிடந்த விரிப்பின் ரெண்டு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மல்சுன்னுக்காகக் காத்திருந்தான். அவள் போய் மற்ற முனைகளைப் பிடித்தாள். ரெண்டு பேரும் மடித்து வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.

ஒரே நாளில் ஒன்றும் சரியாகவில்லை. முதல் வாரம் காலண்டரில் வட்டம் குறையவே இல்லை. ரெண்டாவது வாரம் ரெண்டு சாயங்காலம் வாசலில் நின்று கத்தினான். மேங் டீச்சர் தொலைபேசியில் சுன்பேயைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவன் ஊருக்குள்ளேயேதான் இருந்தான், யாருக்கும் கூப்பிடத்தான் தோன்றவில்லை. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெண்டு பேரும் சேர்ந்து கறுப்புக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிடப் போனார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து விடுதியின் படிவத்தை மேங் டீச்சர் கிழித்துவிடவில்லை. இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் அடியில் போட்டாள். ஆபீஸில் கேட்டார்கள், டாக்டர் கடிதத்தைக் காட்டினாள்.

நோட்டில் மல்சுன்னுக்குப் புது வார்த்தைகள் தேவைப்பட்டன. தெரியாததை வகுப்பில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். "இன்று எச்சில் பட்டது மூன்று விரிப்பு. சாப்பாட்டில் பாதி நேரம் உட்கார்ந்தார். இடது கை இன்னும் விறைப்பு." எழுத்து கோணல்மாணலாக வந்தது. மற்ற ஜோடிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். யோங்ஜா தன் ஜோடிப் பெண்ணின் நோட்டில், "இன்று மூன்று தடவை தலை சுற்றியது என்றாள்" என்று எழுதிவிட்டு, "இவ அம்மா பழப்பெட்டியோட வந்தா உன் வீட்டுக்குத்தான்க்கா அனுப்புவேன்" என்றாள். யாரும் பழப்பெட்டியோடு வரவில்லை.

டிசம்பர் கடைசியில், முதல் பனி விழுந்து உருகிய மறுநாள், மல்சுன் கவனமில்லாமல் விரிப்பைப் பிடித்திருந்தாள். பட்டென்று துணி அவள் விரலைவிட்டு உருவிக்கொண்டு போயிற்று. கூடத்தில் நாலைந்து பேர் திரும்பினார்கள். தல்சூ விரிப்பின் ரெண்டு முனையைப் பிடித்தபடி நின்றான். இந்தப் பக்கத்து ரெண்டும் தரையில் கிடந்தன.

"அக்கா, நீ பிடிக்கல" என்றான்.

"பிடிக்கலடா. என் தப்பு." குனிந்து எடுத்தாள். எடுக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் ஆனது. நிமிர்ந்தபோது அவன் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கால்ல என்னடா? மறுபடி சுத்துதா?"

தல்சூ நிமிர்ந்து நின்றான். இடுப்பு வளையப் போயிற்று. பாதியில் நின்றுவிட்டு, காலைக் குனிந்து பார்த்தான்.

"சுத்தல. ஆனா நல்லா இல்ல" என்றான். "ஷூ கடிக்குது. புது ஷூ. டீச்சர் வாங்கிக் குடுத்தாங்க. நல்லா இல்லவே இல்ல."

மல்சுன் அவனைக் கூடை விளிம்பில் உட்கார வைத்து ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் சிவப்பாக ஒரு கொப்புளம். துணியில் கிழித்த ஒரு துண்டை மடித்து வைத்துக் கட்டினாள். கட்டி முடிக்கிற வரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் அதையும் நோட்டில் எழுதினாள்.